டர்பன் பக்கத்தில் குதிரையோடு ராத்தங்கல்: முதல் தடவை போகிறவர்களுக்கு

ஈஸ்டர் விடுமுறையில் குதிரையையும் ஏற்றிக்கொண்டு எங்கேயாவது போய்க் கூடாரம் போட்டுத் தங்கலாமா என்று வருஷா வருஷம் யாராவது கேட்கிறார்கள். வேண்டாம். நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கிறது, மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்த கையோடு கிளம்பிவிடலாம் என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் குதிரையை ராத்திரி வெளியில் நிறுத்துவதற்கு அதைவிட மோசமான சமயம் கிடையாது.

காரணம் ஆப்பிரிக்கக் குதிரை நோய். ஹார்ஸ் சிக்னஸ் என்று லாயங்களில் சொல்வார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மிட்ஜ் என்கிற பொடிப்பூச்சி கடித்துப் பரப்பும் வைரஸ் இது. பிப்ரவரி முதல் மே வரை, கோடை மழை பெய்து ஓய்ந்து, தரை ஈரமும் சூடுமாக இருக்கும் மாதங்களில்தான் அந்தப் பூச்சி பெருகிக் கிடக்கும். பொழுது சாய்வதிலிருந்து விடிந்து வெயில் ஏறும்வரை அது கடிக்கும், அதாவது நாம் கூடாரத்துக்குள் தூங்கும் நேரம் முழுக்க. நுரையீரலைத் தாக்கும் வகை வந்துவிட்டால் பெரும்பாலான குதிரைகள் பிழைப்பதில்லை, காலையில் நன்றாகத் தின்ற குதிரை மறுநாள் மூக்கில் நுரை தள்ளிக் கிடக்கும். தடுப்பூசி இருக்கிறது. பிரிட்டோரியா பக்கத்து ஒண்டர்ஸ்டபோர்ட்டில் தயாராவது, இரண்டு ஊசி, நடுவில் குறைந்தது மூன்று வாரம் இடைவெளி, ஜூனிலிருந்து அக்டோபருக்குள் போட்டுவிட வேண்டும். ஆனால் இந்த வைரஸில் ஒன்பது வகை உண்டு, ஊசி போட்ட குதிரைக்கும் நோய் வரலாம், அதனால் ஊசி போட்டாச்சு என்கிற தைரியத்தில் ஏப்ரலில் ஆற்றோரம் கொண்டுபோய்க் கட்டாதீர்கள்.

அப்படியென்றால் எப்போது? ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை, கடற்கரையை விட்டு மேலே ஏறின பகுதியில். ஹோவிக், நாட்டிங்காம் ரோடு பக்கமெல்லாம் உறைபனி விழுந்ததும் பூச்சி அடங்கிவிடும், உண்ணியும் குறையும், மழையும் இருக்காது. ஜூலைப் பள்ளி விடுமுறை இதற்கென்றே செய்தது போல அமைகிறது. கடற்கரையை ஒட்டின டர்பனிலும் டொங்காட்டிலும் வெருலத்திலும் உறைபனி விழுவதில்லை, அதனால் கரும்புக்காட்டுப் பக்கம் தங்கினால் குளிர்காலத்திலும் பூச்சி முழுசாகப் போய்விட்டது என்று நம்ப முடியாது. சரி, மாதம் முடிவாகிவிட்டது. இனி இடம்.

எவ்வளவு தூரம் வரைக்கும் பக்கம்

முதல் தடவைக்கு நான் சொல்வது ஒரே ஒரு அளவு: உங்கள் வழக்கமான கால்நடை டாக்டர் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டால் வந்து சேரக்கூடிய தூரம். ஹார்ஸ்பாக்ஸ், அதாவது குதிரை ஏற்றும் டிரெய்லர், இழுத்துக்கொண்டு சுமார் ஒரு மணி நேரம். குதிரை சாப்பிடவில்லை, மழை வருகிறது, பக்கத்துக் கூடாரத்து நாய் விடாமல் குரைக்கிறது, எதுவானாலும் அன்று ராத்திரியே வீட்டுக்குத் திரும்பிவிடலாம். திரும்பி வர முடியும் என்று தெரிந்தால்தான் நம் பதற்றம் குறையும், நம் பதற்றம் குறைந்தால்தான் குதிரையும் அடங்கி நிற்கும்.

டர்பனில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு ஷொங்வேனி, கேட்டோ ரிட்ஜ், காம்பர்டவுன் சுற்றுவட்டாரம் இந்த அளவுக்குள் வரும். மாரிட்ஸ்பர்க்காரர்களுக்கு ஹோவிக்கும் கார்க்லூஃபும் காலடியில் இருக்கிறது. அண்டர்பெர்க், டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரம் எல்லாம் அழகுதான், டர்பனிலிருந்து கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், பாக்ஸ் இழுத்துக்கொண்டு போனால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. அதெல்லாம் நாலைந்து ராத்திரி பக்கத்தில் தங்கிப் பழகின குதிரைக்கு.

இடத்தை யாரிடம் கேட்பது

குதிரையோடு தங்க இடம் என்று விளம்பரப் பலகை வைத்திருப்பவர்கள் ரொம்பக் குறைவு. நல்ல இடங்கள் வாய்வழியாகத்தான் தெரியவரும். நான் முதலில் கேட்பது லாடம் அடிப்பவரிடம். அவர் வாரம் முழுக்கப் பண்ணை பண்ணையாகப் போகிறவர், எந்தப் பண்ணைக்காரர் வேலியை ஒழுங்காக வைத்திருக்கிறார், எங்கே தரை கல்லும் குழியுமாக இருக்கிறது, யார் வீட்டு நாய் குளம்பைக் கடிக்க வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அடுத்து தீவனக் கடைக்காரர். அதற்கப்புறம் கால்நடை டாக்டர். இந்த மூன்று பேரும் ஒரே பெயரைச் சொன்னால் அங்கே போய்ப் பாருங்கள்.

எண்டியூரன்ஸ் எனப்படும் நெடுந்தூர சவாரிக்காரர்கள் இன்னொரு நல்ல வழி. தென்னாப்பிரிக்காவில் இந்தப் போட்டிகள் வெகு காலமாக நடக்கின்றன, ஃப்ரீ ஸ்டேட்டின் ஃபோர்ஸ்மித் ஊரில் நடந்துவந்த மூன்று நாள் தேசியப் போட்டி பேர்போனது. போட்டிக்கு முந்தின நாளே எல்லாரும் வந்து, பக்கி எனப்படும் பிக்கப் வண்டிக்குப் பக்கத்தில் மின்வேலி நாடா கட்டிக் குதிரையை விட்டு, தாங்களும் அங்கேயே படுப்பார்கள். குதிரை இல்லாமல் போய் ஒரு ராத்திரி உதவிக்கு நில்லுங்கள், தண்ணீர் தூக்குங்கள், சாணி அள்ளுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். பத்துக் கட்டுரை படித்தாலும் கிடைக்காதது அந்த ஒரு ராத்திரியில் கண்ணில் படும்.

ஹோவிக், நாட்டிங்காம் ரோடு அடங்கிய மிட்லண்ட்ஸ் பகுதியில் விருந்தினர் தங்கும் பண்ணைகள் நிறைய. மாடு மேய்ந்த ஒரு சின்ன வயலைக் குதிரைக்கு ஒதுக்கித் தர முடியுமா என்று நேரடியாகக் கேளுங்கள், குளிர்காலத்தில் காலியாகக் கிடக்கும் வயல் அவர்களிடம் இருக்கும். அரசு காட்டுப் பூங்காக்கள், அணைக்கட்டு முகாம்கள் விஷயம் வேறு. சொந்தக் குதிரையை உள்ளே விடுவார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும், சாணியோடு களை விதை வந்துவிடும் என்று அவர்கள் கவலைப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. எழுத்தில் அனுமதி வாங்காமல் வாசல்வரை போய் நிற்காதீர்கள்.

போனில் பேசும்போது விலையைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியவை: ராத்திரி பண்ணையில் யார் இருப்பார்கள்? குதிரைக்கு வேலி என்ன வகை, முள்கம்பியா? தண்ணீர் குழாயா ஓடையா? பாக்ஸோடு வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா? இந்த வருஷம் அங்கே குதிரை ஏதாவது நோயில் போயிருக்கிறதா? வரிக்குதிரை வளர்க்கிறார்களா? கடைசிக் கேள்வி பலருக்கு விசித்திரமாகப் படும். வரிக்குதிரையின் உடம்பில் ஹார்ஸ் சிக்னஸ் வைரஸ் ஒரு தொந்தரவும் தராமல் தங்கியிருக்கும், அதைக் கடித்த பூச்சி உங்கள் குதிரையைக் கடித்தால் போச்சு. ஆகவே வேலிக்கு அந்தப் பக்கம் வரிக்குதிரை மேயும் அழகான கேம் ஃபார்ம், அதாவது காட்டு விலங்குப் பண்ணை, குதிரைக்கு ஏற்ற இடம் அல்ல, பிள்ளைகள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் சரி.

கோமாரி பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். 2021-ல் இந்த மாகாணத்தில் மறுபடி கிளம்பின கோமாரி இன்னும் மாட்டுப் பண்ணைக்காரர்களைத் தூங்கவிடவில்லை. குதிரைக்கு அது வராது. ஆனால் குளம்பிலும் டயரிலும் நம் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். இப்போது வெளி ஆட்களை உள்ளே விடுவதில்லை என்று ஒரு பண்ணைக்காரர் சொன்னால் கெஞ்சாதீர்கள், அவருடைய பிழைப்பு அது.

குதிரை இல்லாமல் ஒரு தடவை

இந்த ஒரு படியைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். இடம் கிடைத்ததும், முன்பணம் கட்டுவதற்கு முன்னால், சும்மா காரில் போய்ப் பாருங்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் போய் இருட்டும் வரை இருங்கள். பகலில் பார்த்தால் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும்.

வேலி ஓரமாக முழுசாக ஒரு சுற்று நடங்கள், கையால் கம்பியைத் தொட்டு ஆட்டிக்கொண்டே. முள்கம்பி இருந்தால் அந்த வயல் வேண்டாம், பயந்து ஓடும் குதிரை முள்கம்பியைப் பார்க்காது, முட்டியிலிருந்து குளம்புவரை தோலை உரித்துக்கொள்ளும். அதற்குள்ளேயே சொந்த மின்வேலி கட்டிக்கொள்ள இடம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். தரையைப் பாருங்கள்: எறும்புத்தின்னிக் கரடி (ஆர்ட்வார்க்) தோண்டின குழி, அறுந்து கிடக்கும் கம்பிச் சுருள், உடைந்த பாட்டில். குழிக்குள் கால் போனால் எலும்பு முறியும், அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

செடிகளை அடையாளம் கண்டுகொள்வது நம் ஆட்களுக்குச் சுலபம். உண்ணிச்செடியும் அரளியும் ஊரிலிருந்தே தெரிந்தவை, இரண்டும் குதிரைக்கு விஷம், அரளி இலை ஒரு கைப்பிடி போதும் உயிர் போக. இங்கே நட்டாலில் எல்லார் வீட்டுப் பின்புறத்திலும் நிற்கும் அவகாடோ மரமும் ஆகாது, இலை, பட்டை, காய் எல்லாம் தான். புல்வெளியில் டுல்ப் என்று ஒரு கிழங்குச் செடி முளைக்கும், மற்ற புல் காய்ந்து கிடக்கும்போது அது மட்டும் பச்சையாக நீட்டிக்கொண்டு நிற்கும், அங்கேயே வளர்ந்த மாடு தொடாது, புதிதாக வந்த குதிரை தின்றுவிடும். சந்தேகமாக இருந்தால் போட்டோ எடுத்துப் பண்ணைக்காரரிடம் காட்டுங்கள்.

தண்ணீர்த் தொட்டி அருகில் போய்க் குனிந்து முகருங்கள். பாசி வாடை அடித்தால் குதிரை குடிக்காது. கடற்கரையை ஒட்டின தாழ்வான ஆறுகளில் பில்ஹார்சியா இருக்கலாம், அதில் பிள்ளைகளை இறக்கிவிட வேண்டாம்.

பொழுது சாயும்போது மேட்டுப் பகுதிக்கு ஏறி நில்லுங்கள், பிறகு கீழே ஓடைப் பக்கம் இறங்கி நில்லுங்கள். காற்று எங்கே வீசுகிறது என்று முகத்திலேயே தெரியும். மிட்ஜ் காற்றில் பறக்கத் திராணி இல்லாத பூச்சி, அதனால் காற்றாடும் மேட்டில்தான் குதிரை நிற்க வேண்டும், ஓடைக்கரை நமக்கு எவ்வளவு ரம்மியமாக இருந்தாலும். செல்போன் சிக்னல் அந்த மேட்டில் எத்தனை கோடு என்றும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, நெருப்பு. குளிர்காலத்தில் புல் தீக்குச்சி போலக் காய்ந்திருக்கும், மலையிலிருந்து இறங்கும் சூடான பெர்க் காற்று அடிக்கும் நாளில் ஒரு பொறி போதும். தீத்தடுப்புப் பட்டை எங்கே எரித்து வைத்திருக்கிறார்கள், தீ வந்தால் எந்த வாசல் வழியாக வெளியேறுவது, அந்த வாசல் பூட்டப்பட்டிருக்குமா, சாவி யாரிடம் என்று கேளுங்கள். தீ அபாயம் சிவப்பு என்று அறிவித்த நாளில் பிராய், அதாவது நெருப்பு மூட்டி இறைச்சி சுடுவது, கிடையாது. வீட்டிலிருந்து ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் கட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

குதிரையை வீட்டிலேயே பழக்குவது

நம்மில் புதிதாகக் குதிரை வாங்குகிறவர்கள் பலர் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் வாங்குகிறார்கள், விலை குறைவு, பார்க்க லட்சணம். சம்மர்வெல்டில் பயிற்சி எடுத்து கிரேவில் பந்தயத் திடலில் ஓடின குதிரை பயிற்சிக்கு வந்ததிலிருந்து ராத்திரி லாயத்துக்குள்தான் நின்றிருக்கும். அதைத் திடீரென்று திறந்தவெளியில், நரி ஊளையிடும் இடத்தில் கட்டினால் விடியும்வரை சுற்றிச் சுற்றி நடக்கும், வியர்த்து நனையும், ஒரு வாய் தின்னாது. குதிரை மேல் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பாசுட்டோ போனி, நூய்ட்கெடாக்ட், பூர்பெர்ட் மாதிரியான உள்நாட்டு வகைகள் இதில் நிதானமானவை, இன்னும் வாங்கவில்லை என்றால் அதையும் யோசியுங்கள்.

மின்வேலி நாடாவை முதலில் வீட்டு வயலில் கட்டுங்கள். முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே ஒன்று, நெஞ்சு உயரத்தில் ஒன்று, ஆக இரண்டு வரிசை. பகலில் குதிரையை உள்ளே விட்டு நீங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். மூக்கை நீட்டித் தொட்டு ஒரு தடவை சுரீர் என்று வாங்கினால் பிறகு கிட்டே போகாது. சில பகல்களுக்குப் பிறகு ஒரு முழு ராத்திரி. அது நன்றாகப் போனால்தான் வெளியூர்.

ஒரு விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் கடையில் சொல்லமாட்டார்கள். மின்வேலி வேலை செய்ய நிலத்தில் அடித்த எர்த் கம்பிக்கு ஈரம் வேண்டும். ஜூலையில் மிட்லண்ட்ஸ் மண் செங்கல் போல இறுகிக் கிடக்கும், பாட்டரி டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், நாடாவைத் தொட்டால் ஒன்றுமே இருக்காது. கம்பியை முடிந்த ஆழத்துக்கு அடித்து, அதைச் சுற்றி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள், படுக்கப் போகுமுன் இன்னும் அரை வாளி. பிறகு டெஸ்டரை வைத்துப் பாருங்கள், 3,000 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிம்மதியாகப் படுக்கலாம். நாடா மேல் உயரமான புல் உரசினாலும் மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும், அதனால் வரிசை போகும் இடத்தில் புல்லை மிதித்துச் சாய்த்துவிட்டுக் கட்டுங்கள்.

மின்வேலி இல்லையென்றால் இரண்டு மரத்துக்கு நடுவே உயரக் கயிறு. மரத்தைச் சுற்றி அகலமான பட்டை போட்டு, அதில் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும், வெறும் கயிறு மரப்பட்டையை அறுத்து மரத்தைக் கொன்றுவிடும். கயிறு குதிரையின் தலைக்கு மேலே, சுமார் இரண்டு மீட்டர் உயரத்தில், தொய்யாமல். ஹால்ட்டரிலிருந்து, அதாவது குதிரையின் தலையில் மாட்டும் வாரிலிருந்து, வரும் கயிற்றின் நீளத்தில்தான் சூட்சுமம்: தரையில் கிடக்கும் புல்லை எட்ட வேண்டும், ஆனால் காலைத் தாண்டிப் போடும் அளவுக்குத் தொங்கக் கூடாது. இரண்டு குதிரைக்கு நடுவே ஒன்றையொன்று உதைக்க முடியாத தூரம் விடுங்கள். எங்கே கட்டினாலும் சட்டென்று அவிழும் முடிச்சு, அதுவும் வைக்கோல் கட்டு சணல் வளையம் ஒன்றில். குதிரை மிரண்டு இழுத்தால் சணல் அறும், கழுத்து தப்பும். நகரக்கூடிய பொருளில் மட்டும் கட்டவே கட்டாதீர்கள், வாசல் கதவு, பிளாஸ்டிக் மேசை, இரும்புத் தொட்டி எதிலும்.

தீனியும் தண்ணீரும்

மலைப்பக்கப் புல் சவர்வெல்ட் வகை, குளிர்காலத்தில் சத்தெல்லாம் வேருக்குப் போய்விடும், மேலே நிற்பது வெறும் சக்கை. வயல் நிறையப் புல் இருக்கிறதே என்று வெறுங்கையோடு போகாதீர்கள். 450 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு ஏழிலிருந்து ஒன்பது கிலோ காய்ந்த தீனி வேண்டும், வீட்டில் தின்னும் அதே டெஃப் அல்லது எரகிராஸ்டிஸ் காய்ந்த புல், லூசர்ன் என்கிற குதிரைமசால் பழக்கம் இருந்தால் அதுவும் வீட்டில் கொடுக்கும் அதே அளவு. போகிற இடத்தில் புதுத் தீனி வாங்கிக் கொடுப்பது வயிற்றுவலிக்கு நேர்வழி. தீனியை மாற்ற வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்னாலிருந்தே வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வாருங்கள்.

“அக்கா, தாத்தா காலத்தில் குதிரைக்குக் கொள்ளுதானே கொடுப்பார்கள், நாமும் கொஞ்சம் வேகவைத்து எடுத்துப் போகலாமா?” என்று சித்தி மகன் கேட்டான். தினமும் கொள்ளு தின்கிற குதிரையாக இருந்தால் எடுத்துப் போகலாம், இல்லையென்றால் அந்த ஆசையை வீட்டில் வைத்து நிதானமாகத் தொடங்கு என்றேன்.

தண்ணீர் ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் போகும், வேலை செய்த நாளில் இன்னும் கூட. முதல் நாளுக்கு வீட்டுத் தண்ணீரையே 25 லிட்டர் கேனில் மூன்று நாலு கொண்டுபோங்கள். இடம் மாறினால் தண்ணீர் வாசனை மாறும், சில குதிரைகள் மூக்கை வைத்துவிட்டுத் திரும்பிவிடும், தண்ணீர் குறைந்தால் குடல் இறுகும். வீட்டுத் தண்ணீரோடு அங்கத்துத் தண்ணீரைக் கலந்து கலந்து கொடுத்தால் பழகிக்கொள்ளும். உறைபனி ராத்திரியில் வாளி மேல் ஐஸ் படியும், விடிந்ததும் முதல் வேலை அதை உடைப்பது.

வண்டி, காகிதம்

மொத்த எடை 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லரை இழுக்க இபி உரிமம் வேண்டும், சாதாரண பி உரிமம் போதாது, குதிரை ஏறின எந்த பாக்ஸும் இந்த எடையைத் தாண்டிவிடும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான். பாக்ஸின் தரைப் பலகையை ரப்பர் பாயைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், மூத்திரம் ஊறி உளுத்த பலகை மேலே பார்க்க நன்றாகவே இருக்கும். ஒரே குதிரை என்றால் வலது பக்கம், ஓட்டுநருக்குப் பின்னால் ஏற்றுங்கள், நம் சாலை இடது பக்கம் சரிவதால் பாரம் உயர்ந்த பக்கம் இருக்க வேண்டும். என்3 நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே டவுன் ஹில் மேடு ஏறுவது பழகாதவர்களுக்குக் கலக்கமாக இருக்கும், விடிகாலையில் கிளம்பி 80-க்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். காலி பாக்ஸை ஒரு தடவை அதே பாதையில் இழுத்துப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

குதிரையின் பாஸ்போர்ட்டைக் கையோடு வையுங்கள், ஊசி போட்ட தேதியெல்லாம் அதில் இருக்கும். உங்களுடையது அல்லாத குதிரையை ஏற்றிப் போனால், 1959-ம் ஆண்டுக் கால்நடைத் திருட்டுச் சட்டப்படி உரிமையாளர் எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும், போலீஸ் வழியில் நிறுத்திக் கேட்கலாம். வெஸ்டர்ன் கேப் பக்கம் கொண்டுபோகத் தனி அனுமதி, அது இந்தக் கட்டுரைக்கு வெளியே.

அங்கே போன பிறகு

பகல் வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள், மூன்று மணிக்குள். குதிரையை இறக்கியதும் கையில் பிடித்துக்கொண்டு வேலி ஓரமாக நடத்திக் காட்டுங்கள், தண்ணீர் எங்கே என்று காட்டுங்கள், பிறகுதான் விடுவது. உங்கள் கூடாரம் குதிரையின் பெருமூச்சு கேட்கும் தூரத்தில், ஆனால் அது தப்பித்தால் ஓடும் வழியில் இல்லாமல். ஓடையிலிருந்து இரண்டும் ஒரு அறுபது மீட்டராவது தள்ளி. ஹால்ட்டரையும் டார்ச்சையும் தலைமாட்டில் வைத்துப் படுங்கள். யார் ராத்திரி எழுந்து பார்ப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், “நான் பார்த்துக்கிறேன்” என்று எல்லாரும் சொல்லிவிட்டு யாரும் பார்க்காமல் விடுவது வழக்கம்.

பார்ப்பது என்றால் என்ன? சாணி போட்டிருக்கிறதா, தீனி குறைந்திருக்கிறதா, காதும் நெஞ்சும் வியர்த்திருக்கிறதா. உதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால் உண்ணியால் வரும் பிலியரி என்கிற நோயாக இருக்கலாம். மூச்சு நிமிடத்துக்கு எட்டிலிருந்து பதினாறு, நாடி 28-லிருந்து 44. முன்னங்காலால் தரையைப் பறிப்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, சாணியே போடாதது எல்லாம் வயிற்றுவலி. தீனியை எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டாக்டர் எண்ணைக் காகிதத்தில் எழுதி பாக்ஸ் கதவில் ஒட்டி வையுங்கள், போன் சார்ஜ் தீர்ந்துவிட்டால் இன்னொருவர் போனிலிருந்து கூப்பிடலாம்.

மறுநாள் சவாரி போகும்போது பண்ணை எல்லையைத் தாண்டினால் பெரும்பாலும் சமூக நிலம் வரும், அங்கே பாதை யாருக்கும் பொது என்று நினைத்துக் குதிரையை விரட்டாதீர்கள். முதலில் பண்ணைக்காரர் மூலம் அந்த ஊர் இந்துனாவிடம், அதாவது ஊர்த் தலைவரிடம், சொல்லி அனுமதி வாங்குங்கள். வழியில் பெரியவர்களைக் கண்டால் நிறுத்தி, “சாவுபோனா, பாபா” என்று சொல்லிவிட்டு நடையில் போங்கள். மாடு மேய்க்கும் பையன்கள் குதிரை மேல் நம்மைவிட நன்றாக உட்காருவார்கள், எந்த ஓடையில் சேறு ஆழம் என்று அவர்களைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

கிளம்பும்போது சாணி எல்லாவற்றையும் அள்ளி, பண்ணைக்காரர் சொன்ன குவியலில் கொட்டுங்கள், ஒரு குதிரை ஒரு நாளில் பதினைந்து இருபது கிலோ போடும். சிந்தின வைக்கோலையும் கூட்டுங்கள், பறித்த குழியை மூடுங்கள், சணல் துண்டு ஒன்று கூட விடாதீர்கள், மாடு தின்றால் குடலில் சிக்கும். அடுத்த தடவை போன் செய்யும்போது அவர் உங்களை நினைவில் வைத்திருப்பது இதனால்தான். டயரையும் குளம்பையும் கழுவிவிட்டு வண்டியை எடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கைவிரல்களால் தடவி உண்ணி தேடுங்கள், காதுக்குள், வால் அடியில், தொடை இடுக்கில், பிடரி மயிர் வேரில். பிறகு இரண்டு வாரம் காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்து எழுதி வாருங்கள், அங்கே ஏதாவது பூச்சி கடித்திருந்தால் அது காட்டிக்கொடுக்க அத்தனை நாள் ஆகலாம். 38.5 டிகிரியைத் தாண்டினால் அன்று சவாரி கிடையாது, நடக்கக்கூட விடாமல் லாயத்துக்குள் நிறுத்தி டாக்டருக்குப் போன் செய்யுங்கள், எந்தப் பண்ணையில் எத்தனை ராத்திரி தங்கினீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.